மடி தாங்காத கனம்

என் பிள்ளையை என்னைவிட அதிக நேரம் தூக்கி வைத்திருந்த அத்தைக்கு,

இந்தக் கடிதம் தாமதமாகத்தான் வருகிறது. உங்கள் முதலாம் ஆண்டு நினைவுநாள் போன மாதமே முடிந்துவிட்டது. படையல் போட்டோம். உங்களுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் வைத்தேன். உப்பு கூடிப்போச்சு. எல்லாரும் தட்டைக் காலி செய்தார்கள்.

பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. வாசகத்தை உங்கள் மகள் கலாதான் எழுதிக் கொடுத்தாள். "தன் மடியைக் கேடயமாக்கிப் பேத்தியின் உயிரைக் காத்து, தன்னுயிர் ஈந்த எங்கள் தெய்வமே." அதற்குக் கீழே மகன், மகள், மருமகன், மருமகள், பேத்தி என்று எல்லாருடைய பெயரும் இருந்தது. மருமகள் என்ற இடத்தில் சாந்தி என்று என் பெயர். வாசித்தேன். இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தேன்.

அந்த வாரம் பாசார்ச் சந்தையில் கோழிக்கடை அக்கா என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர்ல பார்த்தேன் சாந்தி. ஒங்க அத்தை பெரிய மனுஷி லா. இனிமே நானும் என் பேரப்பிள்ளைய காருல தனியா ஒக்கார வைக்க மாட்டேன். மடிதான்." நான் கோழியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? அதனால் இதையும் அதே பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அந்த அக்கா படிக்கட்டும். நீங்களும் கேளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. பவித்ரா ஓடுகிறாள். நடக்கச் சொன்னால் நடப்பதில்லை, ஓட்டம்தான். உங்கள் படத்தைக் காட்டினால் "பாட்டி" என்பாள், அடுத்து பக்கத்திலிருக்கும் காலண்டரைக் காட்டியும் "பாட்டி" என்பாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, விபத்தில் முறிந்த எலும்பு ஒட்டிய இடம் இன்னும் சின்ன முடிச்சு மாதிரி கையில் தட்டுப்படுகிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். குளிப்பாட்டும்போது தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

கலாவுக்கு ஆண் பிள்ளை. மூக்கு உங்கள் மூக்கு. நீங்கள் இல்லாததால் பிரசவத்துக்கு, பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மருந்து எல்லாம் நான்தான் செய்தேன். "அம்மா செஞ்சா மாதிரியே இருக்கு அண்ணி" என்றாள். இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுடையதில் மிளகு தூக்கலாக இருக்கும்.

கார் நாற்காலியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் அத்தை. எங்கெங்கோ போகிறேன்.

பவித்ரா பிறந்ததும் நான் கோலாலம்பூரிலிருந்து அதை வாங்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைப் பிரித்ததும், "இது என்னா, பிள்ளைக்கு முடி வெட்டுற நாற்காலியா?" என்றீர்கள். பின்சீட்டில், பிள்ளை முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி கட்டினேன். நீங்கள் குனிந்து அவளைப் பார்த்துவிட்டு, "யாருகிட்ட கோவிச்சிக்கிட்டு இவ திரும்பி ஒக்காந்திருக்கா?" என்று கேட்டீர்கள். உங்கள் மகன் சேகர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் எட்டிப் பார்த்தார்.

கைக்குழந்தைக்குத் தலைதான் கனம், கழுத்துக்கு இன்னும் பலமில்லை, முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வண்டி நின்றால் தலை மட்டும் முன்னால் வீசப்படும், பின்னால் பார்த்து உட்கார்ந்தால் முதுகு முழுவதும் சேர்ந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்டு முடித்து, "சரிதான். நாங்க ரப்பர்ப் பால் வெட்டப் போறப்ப பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு தோட்டத்து லோரி பின்னால நின்னுக்கிட்டே போனோம். இந்தா நிக்கிறானே ஒம் புருஷன், இவன் எங்க விழுந்தான்?" என்றீர்கள். விழாத பிள்ளைகள்தானே வளர்ந்து வந்து நம் முன்னால் நிற்கும்? இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உங்களை உண்மையில் தொந்தரவு செய்தது அது இல்லை. பிள்ளை இல்லாத நேரத்தில் நாற்காலி காரில் வெறுமனே இருந்ததுதான். வெறுந்தொட்டில் ஆடக்கூடாது. காரோ குழியில் விழுந்து எழுந்து போகிறது, நாற்காலியும் கூடவே ஆடுகிறது. ஒரு நாள் சமையலறையிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். முப்பதாம் நாள் விசேஷத்தில் பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் தொட்டிலில் இட்டீர்களே, அதே குழவி. அதை நாற்காலியில் படுக்க வைத்தீர்கள்.

"அத்தை, கல்லு சும்மா கெடந்தா பிரேக் போடுறப்ப பறந்து வந்து நம்ம மண்டைய ஒடைக்கும்" என்றேன்.

"அப்ப கட்டு."

கட்டினேன். இரண்டு வாரும் தோளில் வருகிற மாதிரி, கல்லுக்குத் தோள் எங்கே இருக்கிறது என்று தேடிக் கட்டினேன். காருக்கு எண்ணெய் போடுகிற இடத்தில் வேலை பார்க்கும் தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஆண்டி, கல்லுக்கும் பெல்ட்டா?" என்று கேட்டான். "இது எங்க மூத்த பேத்தி" என்றீர்கள் நீங்கள், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளை காரில் வந்தால் கல் வீட்டில் இருக்கும். பிள்ளை வராவிட்டால் கல் காரில் போகும்.

கடலோர உம்பாய்க்குப் போன அன்றைக்கு பவித்ரா வந்தாள். அதனால் கல் வீட்டில் இருந்தது.

சுட்ட மீன் சாப்பிட வேண்டும் என்று நீங்கள்தான் ஆசைப்பட்டீர்கள். சேகருக்கு அன்று சுங்கை ஊடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இல்லை. போகும்போது பிள்ளை நாற்காலியில் நன்றாகத்தான் வந்தாள். சாப்பிட்டு, கடல் காற்று பட்டு, திரும்பக் கிளம்பும்போது தூக்கத்துக்கு அழுதாள். நாற்காலியில் வைத்ததும் விறைத்துக்கொண்டாள். நீங்கள் துவாலையில் சுற்றி மடியில் போட்டுத் தட்டினீர்கள். அடங்கினாள். சேகர் காரை எடுத்தார். கொஞ்சத் தூரம் போவதற்குள் நீங்கள் பக்கத்தில் இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்தீர்கள்.

"சேகரு, நிறுத்து. இத எடுத்து பின்னால பூட்ல போடு. வெறுமனே ஆடுது. பாக்கவே நல்லால்ல."

"வீடு கிட்டத்தானே" என்று சேகரும் சொன்னார். இறங்கி, பெல்ட்டைக் கழற்றி, நாற்காலியை எடுத்தார். பின்சீட்டு பெல்ட் எப்போதும்போல் மெத்தையின் இடுக்குக்குள் போய்விட்டது. முன்சீட்டைத்தான் போலீஸ் பார்ப்பார்கள், பின்சீட்டுக்கு யார் கேட்கிறார்கள்? நான் முன்னால் என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முன்னால் போன, செம்பனைக் குலை ஏற்றிய லோரி திடீரென்று நின்றது. சேகர் பிரேக் அடித்தார். தார் ஈரமாக இருந்தது. நாங்கள் லோரியில் மோதினோம், பின்னால் வந்த வேன் எங்கள் மேல் மோதியது. பெரிய வேகம் இல்லை அத்தை. பாசாருக்குப் போகிற வேகம்தான்.

ஓடி வந்து கதவைத் திறந்த மலாய்க்காரர், நீங்கள் முன்சீட்டுக்குப் பின்னால் கீழே குப்புற மடங்கிக் கிடந்ததையும், உங்களுக்கு அடியில் பிள்ளை அழுததையும் பார்த்தார். "நெனெக் பெலுக் சூச்சு" என்று கத்தினார். பாட்டி பேத்தியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. கதை அங்கே தொடங்கியது. அவர் மேல் தப்பில்லை. பார்த்ததைச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சேகர் பவித்ராவை எக்ஸ்ரே எடுக்கத் தூக்கிக்கொண்டு போனார். கலா சிரம்பானிலிருந்து வந்துகொண்டிருந்தாள். உங்கள் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டீர்கள். நல்லா இருக்கா என்றேன். அப்போது சொன்னீர்கள்.

"நான் இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன் சாந்தி. யாரோ பிடுங்கினா மாதிரி போயிட்டா. என் கையில துணிதான் நின்னுச்சு. கீழ தேடுனேன், தேடுனேன்."

கட்டிக்கொண்டு கிடக்கவில்லை நீங்கள். தேடிக்கொண்டு கிடந்தீர்கள். கையை விரித்து விரித்துப் பார்த்தீர்கள். பால் வாளியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிய கை அது. உங்களைவிட யார் இறுக்கமாகப் பிடித்திருக்க முடியும்? வண்டி நின்றுவிட்டது, பிள்ளையின் உடம்பு நிற்கவில்லை. மோதுகிற அந்த நொடியில் பிள்ளை பிள்ளையின் கனத்தில் இருப்பதில்லை, மூட்டையின் கனத்தில் போகிறாள். பறக்கும் சிமெண்டு மூட்டையை எந்தக் கை பிடிக்கும்? நான் இதையெல்லாம் படித்திருந்தேன். படித்தது அந்தக் கட்டில் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

நீங்கள் சொன்னது எனக்கா, உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா? இன்னும் தெரியவில்லை.

கலா வந்து சேர்ந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. மறுநாள் நீங்கள் இல்லை. கலா என் தோளில் சாய்ந்து, "எங்கம்மா பிள்ளைய காப்பாத்திட்டுத்தான் அண்ணி போனாங்க" என்று அழுதாள். அந்த நேரத்தில் நான் என்ன சொல்வது? அதற்குப் பிறகு எந்த நேரத்தில் சொல்வது? நான் அழவில்லை. எல்லாரும் அதைக் கவனித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வராததைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை. தேநீர் போட்டேன். வந்தவர்களுக்குக் கொடுத்தேன்.

பட்டறையில் கிடந்த காரைப் பார்க்க ஆட்கள் போனார்கள். பூட் அமுங்கி, உள்ளே நாற்காலி இரண்டாகப் பிளந்திருந்தது. "பிள்ளை இதுல இருந்திருந்தா?" என்று கேட்டார்கள். எல்லாருமே கேட்டார்கள். அது பூட்டில் கிடந்தது, சீட்டில் கட்டியிருக்கவில்லை, பிள்ளையும் அதில் இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார்கள். அப்புறமும் அதையே சொன்னார்கள். உடைந்த நாற்காலியைக் கண்ணால் பார்த்தவர்களிடம் வாயால் என்ன சொல்லி மாற்றுவது?

நான் புதியது வாங்கினேன். ஒரு விபத்தைப் பார்த்த நாற்காலியை, கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. கட்டும்போது ஒரு முழங்காலை அதற்குள் வைத்து என் கனம் முழுவதையும் இறக்கி, பெல்ட்டை இழுத்து இறுக்குகிறேன். அடியில் பிடித்து ஆட்டினால் அது அசையக் கூடாது, காரோடுதான் அசைய வேண்டும். வார் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் படிய வேண்டும். எலும்பு ஒட்டிய அந்த முடிச்சுக்கு மேலே, வாருக்கும் உடம்புக்கும் நடுவில் என் ஒரு விரல் போனால் போதும், இரண்டு போனால் தளர்வு. தொழிற்சாலை வாசலில் வெயிலில் நின்ற கார் என்றால் கொக்கி இரும்பு சுடும், வெள்ளைத் துவாலை போட்டு மூடி வைக்கிறேன். சேகர் பக்கத்தில் நின்று பார்ப்பார். மெதுவாக ஓட்டுகிறார் இப்போது, பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்கிற அளவுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை கலா சிரம்பானுக்குக் கிளம்பினாள். ராகுகாலத்துக்கு முன்னால் புறப்பட வேண்டும் என்று அவசரம். மருமகன் மோகன் காரை வாசல் போர்ச்சில் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளைக்கென்று நான் வாங்கி வைத்திருந்த நாற்காலியை வெளியே எடுத்து வந்தேன்.

கலா அதைப் பார்த்துச் சிரித்தாள். "தாய்மாமன் வீட்டுல பிள்ளைக்குக் காப்பு போடுவாங்க. ஒங்க வீட்டுல நாற்காலி போடுறீங்க."

"காப்பும் போட்டாச்சே கலா."

"அது போதும் அண்ணி. நான் பின்னால ஒக்காந்து மடியில வச்சிக்கிறேன். எங்கம்மா மாதிரி."

"வாங்கி வச்சிருக்காங்கல்ல, வைப்போமே லா" என்றார் மோகன்.

"நீங்க சும்மா இருங்க. எங்கம்மா மடிதான் பவித்ராவ காப்பாத்துச்சு. அந்த நாற்காலி என்னாச்சுன்னு ஊருக்கே தெரியும். ரெண்டாப் போச்சு."

சேகர் என்னைப் பார்க்காமல், "விடு சாந்தி, நேரமாவுது" என்றார்.

கலா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளை வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றி, மடியில். உங்கள் மூக்கு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடினால் போய்விடுவார்கள்.

"கலா, அத்தை கையில துணிதான் நின்னுச்சு."

"என்னா?"

நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்கே யாரோ சொல்வது மாதிரி கேட்டது.

மோகன் எஞ்சினை நிறுத்தினார். கலா என் வாயையே பார்த்தாள். "திரும்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "தேடுனேன்னு ரெண்டு தடவ சொன்னாங்களா?" ஆமாம் என்றேன்.

மடிக் கதை பொய்யாகிவிட்டதே என்று கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கோபம் வேறு.

"எங்கம்மா கடைசியா பேசினத ஒரு வருஷமா நீங்க மட்டும் வச்சிருந்தீங்களா அண்ணி? நான் அவங்க கொரல கேக்காம வந்து நின்னவ. ஒங்க கிட்ட இருந்திருக்கு. சுறாப் புட்டு ஆக்கிப் போட்டீங்களே தெனமும், அப்பக்கூட வாயத் தொறக்கல."

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை அவளே பிரித்தாள். ஒவ்வொரு சுற்றாக. பிள்ளை கையைக் காலை உதறிக்கொண்டு வெளியே வந்தான்.

"கொண்டாங்க அத" என்றாள்.

பின்சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை மோகன் கிழித்தார். இடுக்கில் கையை விட்டு பெல்ட்டை வெளியே எடுத்தோம். பின்பக்கம் பார்த்து நாற்காலியை வைத்து இறுக்கினேன். துணியோடு சேர்த்துக் கட்டக் கூடாது, துணிக்குள் உடம்பு நழுவும், முதலில் பிள்ளையைக் கட்டிவிட்டு மேலே போர்த்த வேண்டும் என்று சொன்னேன். கால்களுக்கு நடுவில் வார், தோளில் வார், கொக்கி. பிள்ளை வீறிட்டான். கலா தன் விரலை வாருக்குள் விட்டுப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள், திரும்பவும் விட்டுப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டையும் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"ஓட்டுங்க" என்றாள் மோகனிடம். என்னிடம் போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை போனும் இல்லை. பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்று மோகன்தான் சேகருக்குச் சொன்னார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகும் சேகர் போர்ச்சிலேயே நின்றார். எனக்கும் நீ சொல்லவில்லையே என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. செருப்பைக் காலால் நகர்த்திக்கொண்டே, "அம்மா வேற என்னா கேட்டாங்க?" என்றார்.

"தண்ணி கேட்டாங்க."

"குடுத்தியா?"

"குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க நர்ஸ். பஞ்சு நனைச்சு ஒதட்டுல வச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். "சப்புனாங்களா?"

"ஆமா."

அதற்குப் பிறகு அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் கீழே கிடந்த கிழிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

அத்தை, ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. எந்தப் பிள்ளை என் காரில் ஏறினாலும், அழுதாலும், வீடு கிட்டத்திலேயே இருந்தாலும், வாரை இறுக்காமல் நான் சாவியைத் திருப்ப மாட்டேன். பவித்ரா வளர்ந்து உங்களைப் பற்றிக் கேட்கிற அன்றைக்கு, உன் பாட்டி உன்னை விடவில்லை, நீதான் அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டாய், கடைசிவரை உன்னைத் தேடினாள் என்று சொல்வேன். கலா மறுபடி என்னோடு பேசினால், உங்கள் குரல் எப்படி இருந்தது என்று கேட்பாள். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.

பவித்ராவின் அம்மா,
உங்கள் மருமகள்
சாந்தி